ஜனவரி பயில்வானின் வாக்குமூலம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி டின் மேல் ஒரு டம்பெல் உட்கார்ந்திருக்கும். அஞ்சு கிலோ. எலி மூடியைத் தள்ளிவிடாமல் இருக்க மனைவி செய்த ஏற்பாடு. அதன் ஜோடி, பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். வாங்கின நாளிலிருந்து அவற்றை நான் தூக்கியதைவிட, வீடு பெருக்கும்போது அவள் தூக்கி நகர்த்தியதுதான் அதிகம். இதில் புஜபலம் யாருக்கு ஏறியிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

உடற்பயிற்சி விஷயத்தில் நான் பழுத்த அனுபவஸ்தன். அதாவது, ஆரம்பிப்பதில்!

முதல் ஆரம்பம், ஒரு ஜனவரி 2-ம் தேதி. ஜிம். "வருஷ சந்தா கட்டினா மூணு மாசம் ஃப்ரீ ஸார்" என்றார்கள். பதினாலாயிரம் ரூபாயைக் கட்டினேன். போனது பதினோரு நாள். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்து, சாம்பார் வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டு, பையை மாற்றிக்கொண்டு மறுபடி வெளியே கிளம்ப வேண்டும். பன்னிரண்டாவது நாள் சாம்பார் ஜெயித்தது.

இரண்டாவது, மெரீனா வாக்கிங். நண்பர்கள் நாலு பேர், ஒரு கார். நான் இருப்பது குரோம்பேட்டை. அங்கிருந்து மெரீனாவுக்கு விடியற்காலை நாலே முக்காலுக்குக் கிளம்பி, நாற்பது நிமிஷம் நடந்து, ஒண்ணரை மணி நேரம் காரில் போய் வந்தோம். காருக்குத்தான் நல்ல எக்ஸர்சைஸ். வழியில் நெய் சொட்டச் சொட்ட ஒரு பொங்கல், வடை, காபி. அரை மணி வேகநடைக்கு என் எடை ஆசாமிக்குச் செலவாவது ஏறக்குறைய நூற்று முப்பது, நூற்றைம்பது கலோரி. அது அந்த வடைக்கே சரியாகப் போய்விடும். பொங்கல் முழுக்க லாபக் கணக்கில் சேரும். எங்கே என்று கேட்காதீர்கள், பெல்ட்டுக்குத் தெரியும்.

மூன்றாவது, செல்போனில் பார்த்த வீடியோ. முப்பது நாளில் வயிற்றில் ஆறு பொட்டலம்! வீடியோவில் வந்த பையனுக்கு இருபத்து மூணு வயசு இருக்கும், கல்யாணமாகவில்லை, வயிறு காட்டுவதே அவனுக்கு உத்தியோகம். எனக்கு உத்தியோகம் வேறே இருக்கிறது. மூன்றாம் நாள் தும்மினால் உயிர் போகிற வலி. நாலாம் நாள் தும்மலை அடக்குவது மட்டுமே என் பயிற்சியாக இருந்தது.

இப்போது யோசித்துப் பார்த்தால் மூன்றிலுமே தப்பு எதுவுமில்லை. ஜிம் நல்ல ஜிம். மெரீனா மெரீனாவேதான். அந்தப் பையனும் பொய் சொல்லவில்லை. ஜாதகப் பொருத்தம் பார்க்காமல் தாலி கட்டியது மட்டும்தான் கோளாறு.

அதைப் புரிய வைக்க ஒரு டாக்டர் வேண்டியிருந்தது.

* * *

போன வருஷம் ஆபீஸில் எல்லோருக்கும் மெடிக்கல் செக்-அப். எனக்கு வயசு முப்பத்தேழு. ரிப்போர்ட்டில் இரண்டு இடத்தில் தடித்த எழுத்து. ஒன்று, இடுப்புச் சுற்றளவு 97 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொன்று, ஹெச்பிஏ1சி 6.1. கடந்த இரண்டு, மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டிக்கொடுக்கிற பரிட்சை இது. முந்தின நாள் மட்டும் லட்டு சாப்பிடாமல் போய் ஏமாற்ற முடியாது. 5.7-லிருந்து 6.4 வரை வாசற்படி. 6.5 வந்தால் வீட்டுக்குள்ளேயே வந்தாயிற்று, அதாவது சர்க்கரை நோய்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தப் படியில் எனக்குத் துணையாக நிறையப் பேர் உண்டு. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், பதிமூணு கோடிக்கு மேல் வாசற்படி ஆசாமிகள் என்று மதிப்பிட்டது. ஆனால், கும்பலோடு நிற்கிறோம் என்பதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. காரணம், என் அப்பா.

அப்பாவும் குமாஸ்தாதான். முப்பத்து நாலு வருஷம் ஒரே நாற்காலி. சர்க்கரை வந்து பதினைந்தாவது வருஷம், செருப்புக்குள் ஒரு சின்ன ஜல்லிக்கல் மாட்டியிருக்கிறது. கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கல்லோடு பகல் முழுக்க நடந்திருக்கிறார். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினபோது அம்மாதான் ரத்தத்தைப் பார்த்தாள். வலது காலில் இரண்டு விரல் போயிற்று. அப்போது நான் காலேஜ் இரண்டாம் வருஷம். ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம்: "வலிக்கவேயில்லைடா... அதான் தப்பாப் போச்சு."

ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போனேன்.

"எக்ஸர்சைஸ் பண்றீங்களா?"

"ஆரம்பிக்கணும் டாக்டர்."

"எப்போ?"

"வர்ற ஒண்ணாம் தேதியிலேர்ந்து."

"எந்த வருஷம்?"

அசடு வழிந்தேன். என் மூன்று வீர சாகசங்களையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார்.

"சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"உடம்பு ஃபிட்டா இருக்கணும் டாக்டர்."

"இது ஹோட்டலுக்குப் போய் 'திங்க ஏதாவது குடு'ங்கற மாதிரி இருக்கு. இட்லியா, பிரியாணியா? ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

யோசித்தேன். சிக்ஸ் பேக் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த ஜல்லிக்கல்தான் வந்தது.

"அப்பாவுக்கு வந்தது எனக்கு வரக் கூடாது."

"இது ஆர்டர்! இப்ப என்ன பரிமாறலாம்னு பார்ப்போம்." மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு என் பக்கம் தள்ளினார். "நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் மணி போட்டு எழுதுங்க. நாளைக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு எழுதாதீங்க. நேத்து என்ன பண்ணினீங்க, அது!"

எழுதினேன். ஆறேகாலுக்கு எழுந்தது. ஏழு மணிக்குப் பிள்ளையை ஸ்கூல் வேன் ஏற்றியது. ஏழு ஐம்பது மின்சார ரயில். எட்டே முக்காலுக்கு பீச் ஸ்டேஷன். ஒன்பதேகாலுக்கு ஆபீஸ். நாற்காலி. சாப்பாடு. நாற்காலி. ரயிலில் நாற்காலி, கிடைத்தால். எட்டு மணிக்கு வீடு. ஒன்பது மணிக்குச் சாப்பாடு. பிறகு சோபாவும் செல்போனும். பதினொண்ணேகாலுக்குத் தூக்கம்.

"உட்கார்ந்த நேரத்தைக் கூட்டுங்க."

கூட்டினேன். பதினோரு மணி நேரம். தூங்குவது ஏழு.

"எட்டே முக்காலுக்கு ஸ்டேஷன், ஒன்பதேகாலுக்கு ஆபீஸ். நடுவுல அரை மணி எங்க போச்சு?"

"டீ டாக்டர். எதிர்க்கடையில."

"வெறும் டீயா?"

"...ஒரு வடை."

"இந்த அரை மணியை வெச்சுக்கிட்டா மெரீனாவுக்குப் போனீங்க!"

* * *

பிறகு அவர் ஒரு லண்டன் பஸ் கதை சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கதை இல்லை, நிஜம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டது டபுள் டெக்கர் பஸ். டிரைவரும் கண்டக்டரும் ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே ஊர் காற்று. வித்தியாசம் ஒன்றுதான். டிரைவர் நாள் பூரா உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்குச் சுமார் அறுநூறு படி ஏறுகிறார். கணக்கெடுத்தால், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பெரும்பாலும் வயசான பிறகு, அதுவும் அவ்வளவு கடுமையாக இல்லாமல். 1953-ல் லான்செட் இதழில் வெளியிட்டார். தபால்காரர்களையும், தபாலாபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிற குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டார். அங்கேயும் அதே கதை.

'குண்டாக இருக்கிறவன்தான் டிரைவர் வேலைக்குப் போகிறானோ என்னவோ' என்று ஒரு சந்தேகம் வருமில்லையா? அவர்களுக்கும் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? கம்பெனி தைத்துக் கொடுத்த யூனிபார்ம் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேட்டைப் புரட்டினார்கள்! 1956-ல் அதையும் ஒரு கட்டுரையாகப் போட்டார்கள். டிரைவர்கள் பருமன்தான், உண்மை. ஆனால் ஒல்லி, நடுத்தரம், தொப்பை என்று பிரித்து வைத்துப் பார்த்தாலும் கண்டக்டர் கட்சிதான் ஜெயித்தது. மாரிஸ் 2009-ல் தொண்ணூற்று ஒன்பது வயசில் காலமானார்.

(இது லண்டன் கண்டக்டர்களுக்கு மட்டும். பின் சீட்டில் உட்கார்ந்தபடியே "சில்லறையை பாஸ் பண்ணுங்க" என்கிற நம்மூர் அண்ணன்களுக்கு இந்த ஆய்வு பொறுப்பாகாது.)

எனக்கு இதில் பிடித்தது, அந்தக் கண்டக்டர் யாரும் 'எக்ஸர்சைஸ்' செய்யவில்லை என்பதுதான். அவர்கள் பிழைப்பிலேயே படி இருந்தது. நம் பிழைப்பில் லிஃப்ட் இருக்கிறது. ஆகவே படியை நாமாகக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு வைக்கலாம்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு: வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிஷம் மிதமான வேகத்தில் உடம்பு அசைய வேண்டும். கூடவே, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. முன்பெல்லாம் 'ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கில் சேரும்' என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். மூணு நிமிஷம் படி ஏறினாலும் வரவுதான்.

மிதமான வேகம் என்றால்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. (நான் எந்த வேகத்திலும் பாடக் கூடாது என்பது வீட்டாரின் அபிப்பிராயம்.)

தினம் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் நரகம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்த எண் எந்த டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965-ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. வியாபாரப் பெயர் வேதவாக்காகிவிட்டது! சுமார் ஏழாயிரம் அடியிலேயே பெரும்பகுதிப் பலன் வந்துவிடுகிறது என்கிறது 2025-ல் லான்செட் குழும இதழில் வந்த தொகுப்பாய்வு. நாலாயிரமே நடப்பவர் ஐயாயிரம் நடந்தாலும் லாபம்தான்.

* * *

டாக்டர் கற்றுக் கொடுத்த பொருத்தம் பார்க்கும் வித்தையை ஆபீஸில் மற்றவர்கள் மேல் பிரயோகித்துப் பார்த்தேன். புது ஜோசியன் கைக்கு எல்லோர் ஜாதகமும் அகப்படுகிற மாதிரி.

பக்கத்து சீட் தம்பி. வயசு இருபத்தாறு, உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், எடை ஐம்பத்திரண்டு. ஃபேனை மூணில் வைத்தால் பேப்பர் வெயிட் தேடுவோம், அவருக்காக. தை மாதம் கல்யாணம். கோட் மாட்டினால் ஹாங்கரில் தொங்குகிற மாதிரி இருக்கிறதாம். உடம்பு ஏற்ற என்ன செய்கிறார் தெரியுமா? தினம் காலையில் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம்! இருக்கிற அரைக் கிலோவையும் பீச்சில் உதிர்த்துவிட்டு வருகிறார்.

"தம்பி, உங்களுக்கு வேணுங்கறது சதை. நீங்க செய்யறது செலவு" என்றேன். அவர் இருப்பது திருவல்லிக்கேணி மேன்ஷன். அறையில் கையை நீட்டினால் ரூம்மேட் மூக்கில் இடிக்கும், தண்டாலுக்கு இடம் கிடையாது. ஆனால் தெருக்கோடியிலேயே ஜிம், ராத்திரி பத்து வரை. எனக்குப் பொருந்தாத ஜிம் அவருக்கு அம்சமாகப் பொருந்தியது! வாரம் மூணு நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு, வாராவாரம் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. சதை வளர்வது தூக்கும்போது அல்ல, தூக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கும்போது. ஆகவே மெஸ் சாப்பாட்டோடு முட்டை, ஒரு டம்ளர் பால், சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல். முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும். லேபிள் தெரியாத டப்பாப் பவுடர், "ஒரு ஊசிதான் பிரதர்" என்கிற உபதேசம் இரண்டுக்கும் பெரிய கும்பிடு போடச் சொன்னேன். அந்த ஊசியில் வருவது ஸ்டீராய்டாக இருந்தால் இதயத்தையும் பார்க்கும், குழந்தை பாக்கியத்தையும் பார்க்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்குத் தேவையா இது?

அஞ்சு மாசத்தில் நாலு கிலோ ஏறினார். கோட் இப்போது கோட் மாதிரி இருக்கிறது.

அடுத்து என் மச்சினன். ஓ.எம்.ஆரில் ராத்திரி ஷிப்ட். வீடு திரும்ப விடிகாலை நாலரை. 'உடற்பயிற்சின்னா பிரம்ம முகூர்த்தத்துலதான்' என்று எவரோ சொன்னதைக் கேட்டு, ஆறு மணிக்கு அலாரம் வைத்துப் பார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தான். பத்தே நாளில் பைக் ஓட்டும்போது கண் சொக்கி, ஒரு பால் வண்டியை முத்தமிடப் பார்த்தான். தூக்கத்தைத் திருடி உடற்பயிற்சி செய்வது, வீட்டை விற்று கேட் வாங்குகிற மாதிரி. "உனக்கு மத்தியானம் ஒரு மணிதான்டா விடியக்காலம்" என்றேன். அவனும் இப்போது பகல் ஒன்று வரை தூங்கி எழுந்து, நாலு மணிக்கு அப்பார்ட்மென்ட் பையன்களோடு ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடிவிட்டு ஷிப்டுக்குப் போகிறான். தனியாகச் செய்வது அவன் சுபாவத்துக்கு ஆகாது. ஆள் குறைந்தால் பையன்கள் கதவைத் தட்டிக் கூப்பிட்டுவிடுகிறார்கள். சில பேருக்கு மன உறுதியைவிடக் கதவு தட்டும் சத்தம் நன்றாக வேலை செய்கிறது.

கேஷியர் ஸாருக்கு முதுகுவலி. விட்டு விட்டு வரும். வந்தால் மூணு நாள் லீவ். "நடந்தா எலும்பு தேயும்" என்று நடையை நிறுத்தியிருந்தார். 2024-ல் ஆஸ்திரேலியாவில் முதுகுவலி வந்து குணமானவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு மட்டும் படிப்படியாக நடக்கக் கற்றுக் கொடுத்துப் பார்த்தார்கள். நடந்தவர்களுக்கு வலி மறுபடி வர எடுத்துக்கொண்ட நாள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதைச் சொன்னதும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவருடைய நடைத் தோழர்கள் பேசுவது முழுக்க வட்டி விகிதம் பற்றி. அந்த இருபது நிமிஷமும் பேச முடிகிறது, பாட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

* * *

சரி, ஊருக்கு உபதேசம் போதும். என் ஜாதகம்?

எனக்கு வேண்டியது சர்க்கரை ஏறாமலிருப்பது. கிடைத்த நேரம், காலை அரை மணி, ராத்திரி கால் மணி. இதற்குத் தகுந்த மாதிரி மூணே அயிட்டம்.

ஒன்று: பீச் ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் கோட்டையிலேயே இறங்கிவிடுவது. ஹைகோர்ட்டைத் தாண்டி, பாரிமுனை நெரிசலைக் கடந்து ஆபீஸ் வரை இருபத்தைந்து நிமிஷம். வாரம் அஞ்சு நாள் என்றால் 125 நிமிஷம். டீக்கடை வழியில் வராது என்பது இந்தப் பாதையின் தனிச் சிறப்பு. வியர்வை? வரும். பையில் ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும். மே மாதத்தில் தண்ணீர் பாட்டில். நவம்பர் மழையில் இந்தத் திட்டம் படுத்துவிட்டது. மூணு நாள் ஓடிப் போன பிறகுதான் ஆபீஸில் நாலு மாடிப் படிக்கட்டு என்று ஒன்று இருப்பது உறைத்தது. மழை நாட்களில் இப்போது லண்டன் கண்டக்டர் அவதாரம்!

இரண்டு: ராத்திரி சாப்பிட்ட கையோடு தெருவில் பதினைந்து நிமிஷம் மெதுநடை. சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுகிற நேரத்தில் கால் தசை அசைந்தால், ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை அது இழுத்துச் செலவழித்துக்கொள்கிறது. இதை டாக்டர் 150 நிமிஷக் கணக்கில் பாதிதான் சேர்த்தார். "இது வேகத்துக்கு இல்ல, சர்க்கரைக்கு" என்றார்.

மூன்று: செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ராத்திரி நடைக்கு முன், அதாவது சாப்பிடுமுன், பதினைந்து நிமிஷம் தண்டால், பஸ்கி. உடம்பில் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்கிற பெரிய கோடவுன் தசைதான். அதிலும் தொடை.

இந்த மூன்றாவதில்தான் என் பழைய புத்தி வாலாட்டியது. முதல் நாளே 'அம்பதாவது போடறேன் பார்' என்று அறுபது பஸ்கி போட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் லேசாக. அதற்கும் மறுநாள் காலை... எங்கள் வீட்டில் இருப்பது இந்தியன் டாய்லெட். இதற்கு மேல் விவரிக்க இது பத்திரிகை. பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசைவலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஒண்ணாங்கிளாஸில் மறுபடி சேர்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது, பத்து. சுவரில் கை ஊன்றித் தண்டால், எட்டு. இரண்டு வாரம் கழித்துக் கட்டில் விளிம்பு. பிறகுதான் தரை. தரையில் என் முதல் முழுத் தண்டால் விழுந்தது ஏழாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. பிள்ளை எண்ணினான். "ஒண்ணு..." என்றுவிட்டு ரொம்ப நேரம் காத்திருந்தான்.

எட்டாவது வாரம் அரிசி டின் மேலிருந்த டம்பெல்லைக் கேட்டு வாங்கினேன். மனைவி அந்த இடத்தில் குழவிக்கல்லை வைத்தாள். "எப்படியும் ஒரு மாசத்துல திரும்பி வந்துடும்... இடத்தை மட்டும் மாத்தாம வெச்சிருக்கேன்" என்றாள். அந்தப் பேச்சுக்காகவே ஒரு மாசம் தாண்டினேன்!

விட்ட நாளும் உண்டு. ஜுரம், விருந்தாளி, மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. அதற்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். ஒரு நாள் விடலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் விடக் கூடாது. முன்பெல்லாம் ஒரு நாள் விட்டால் 'எல்லாம் போச்சு, அடுத்த ஜனவரி பார்த்துக்கலாம்' என்பேன்.

ஒரு விஷயம் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் பாரமோ அழுத்தமோ, வழக்கத்துக்கு மீறி மூச்சு வாங்குவதோ, கண் இருட்டுவதோ வந்தால் அது 'கேஸ்' இல்லை என்று டாக்டர் சொல்லும் வரை கேஸ் இல்லை. உடனே நிறுத்திவிட்டு ஓடுங்கள், ஆஸ்பத்திரிக்கு. பி.பி., சர்க்கரை உள்ளவர்களும், சின்ன வயசிலேயே மாரடைப்பு வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் எடை தூக்கவோ ஓடவோ ஆரம்பிக்குமுன் டாக்டரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

மூணு மாசம் கழித்து டெஸ்ட். எடை குறைந்தது வெறும் ஒண்ணரை கிலோ. முகம் தொங்கிப் போயிற்று எனக்கு. "எடையைக் குறைக்கறது பெரும்பாலும் வாய் வேலை, கால் வேலை இல்ல. ராத்திரி சாதத்துல ஒரு கரண்டி குறைங்க" என்று சொல்லிவிட்டு மற்றதைக் காட்டினார். இடுப்பு 93. ஹெச்பிஏ1சி 5.8. கைகுலுக்குவார் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன். "இன்னும் வாசற்படியிலதான் நிக்கறீங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அடுத்த பேஷன்ட்டுக்கு மணி அடித்துவிட்டார்.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். எழுபத்தொன்று. நான் ராத்திரி நடை ஆரம்பித்த முதல் வாரம், ஈஸிசேரிலிருந்து, "எங்கடா போற இந்நேரத்துல?" என்று தினமும் கேட்டார். "சும்மா, நடக்கப்பா" என்பேன். இரண்டாவது வாரம் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் நான் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். மெத்தென்ற ஷூ ஒன்று வாங்கினோம். போடுவதற்கு முன் ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் தடவிப் பார்ப்பார். அவசரமே படமாட்டார். நானும் அவசரப்படுத்துவதில்லை.

முதலில் மூணாவது லைட் கம்பம் வரை. அப்புறம் ரேஷன் கடை. நேற்று ரேஷன் கடை வந்ததும் நான் வழக்கம் போலத் திரும்பினேன். அவர் திரும்பவில்லை.

"பிள்ளையார் கோயில் வரைக்கும் போலாமாடா?"